மனசுக்கு ஒட்டாத வண்டி: ஆல்டர் பண்ணுவதா, விற்றுவிடுவதா?

ஆசைப்பட்டு வாங்கிய பைக் ஆறே மாதத்தில் மனசுக்கு ஒட்டாமல் போவது பொத்தேரியில் அடிக்கடி காதில் விழும் கதை. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தைச் சுற்றி அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள், தெற்கே மறைமலை நகருக்கும் மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்கும் ஷிஃப்டு வேலைக்குப் போகிறவர்கள், வடக்கே கூடுவாஞ்சேரி, வண்டலூர் வழியாகத் தாம்பரம்வரை தினமும் ஓட்டுகிறவர்கள் என்று ஜிஎஸ்டி சாலையின் இந்தப் பகுதியே இருசக்கர வாகனத்தை நம்பித்தான் இருக்கிறது. வார நாளெல்லாம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்கிற அதே வண்டிதான், ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பறக்கவும் வேண்டும். ஷோரூமில் தருகிற சில நிமிட டெஸ்ட் ரைடில் இந்த இரண்டுமே தெரியாது. நெரிசலில் தொடையைச் சுடும் சூடு, 80 கி.மீ. வேகத்தில் கைப்பிடியில் ஏறும் அதிர்வு, ஒரு மணி நேரம் கழித்து இடுப்பில் தொடங்கும் வலி எல்லாம் பணம் கட்டிய பிறகுதான் வெளிவருகின்றன.

ஒர்க்‌ஷாப் பக்கம் போனால், "ஆல்டர் பண்ணிடலாம்ணே, ரெண்டு ஐட்டம் மாத்தினா வண்டி வேற மாதிரி ஆயிடும்" என்பார்கள். வீட்டில், "ட்யூ ஏறிக்கிட்டே போகுது, வித்துத் தொலைடா" என்பார்கள். இரண்டும் அக்கறையில் வருகிற பேச்சுதான். ஆனால் குறை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் சொல்லப்படுகிறவை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பு வண்டியைத் தொடுகிற இடங்களில் குறை என்றால் மாற்றலாம். வண்டியின் எடை, இன்ஜினின் குணம், சக்கர அளவு ஆகியவை பிடிக்கவில்லை என்றால் விற்பதுதான் சரி. நம் ஊரில் பணம் கொட்டப்படுவதோ பெரும்பாலும் தலைகீழாக: சீட்டுக்குச் செலவு செய்ய யோசிக்கிறவர்கள் சைலன்சருக்கு யோசிப்பதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பிடிக்காமல் போனது அந்த வண்டியா, அது இன்று இருக்கிற நிலையா என்று பார்த்துவிட வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை ஒருவர் அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழும். ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கையாலும் பற்றி முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 'டொக்' என்று உள்ளங்கையில் தட்டினால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) தளர்ந்திருக்கிறது. பிறகு ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு குழியில் விழுந்ததுபோல் நின்று நின்று நகர்ந்தால் கோன் செட் தேய்ந்தே போயிருக்கிறது. "வளைவுல வண்டி தள்ளுது, நம்பி சாய்க்க முடியல" என்று சொல்லி விற்கப்படும் வண்டிகளில் ஒரு பங்கு இந்த ஒரு குறைக்காக விற்கப்படுபவை.

செயினுக்கும் அப்படித்தான். பல வண்டிகளில் நடுப்பகுதியில் மேலும் கீழுமாக 25 முதல் 35 மி.மீ. வரை ஆட்டம் இருக்கலாம். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும், சிலவற்றில் ஸ்விங்ஆர்மிலேயே ஒட்டியிருக்கும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பல இடங்களில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தொங்கியும் இருந்தால், மெதுவாகப் போகும்போது வண்டி வெட்டி வெட்டி இழுப்பதற்கு இன்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை, செயின் செட்டை மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் காய்ந்து இறுகிய டயர் மழையில் பிடிக்காது. பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஸ்ப்ரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் படிகள் பெரும்பாலான வண்டிகளில் உண்டு. பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு போக இறுக்கி வைத்ததை அப்படியே விட்டுவிட்டு, ஒற்றை ஆளாக ஓட்டி முதுகு போகிறதென்று வருந்துகிறவர்கள் நிறைய. இந்தச் சோதனைகளுக்கு ஒரு நல்ல மெக்கானிக்கின் அரை நாள் போதும். புது வண்டிக்கான முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த அரை நாளைச் செலவழிக்கச் சொல்கிறேன்.

வண்டி சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒட்டவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது உட்காரும் முறை. சீட், ஹேண்டில்பார், ஃபுட் ரெஸ்ட் என்ற மூன்று இடங்களும் சேர்ந்து அமைக்கும் முக்கோணம்தான் இடுப்பும் தோளும் மணிக்கட்டும் வலிப்பதைத் தீர்மானிக்கிறது. சீட் உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350இல் அது 790 மி.மீ., கிளாசிக் 350இல் 805, முதலில் வந்த கேடிஎம் 390 அட்வென்சரில் 855. ஐந்தடி நான்கு அங்குல ஆளுக்கு 790க்கும் 855க்கும் இடையே உள்ள வித்தியாசம், சிக்னலில் பாதம் முழுவதும் ஊன்றுவதா, கட்டைவிரல் நுனியில் நிற்பதா என்பது. சீட் தைக்கிறவரிடம் கொடுத்து நுரையைச் சீவி இரண்டு செ.மீ. குறைக்கலாம். அதற்குமேல் குறைத்தால் அடித்தகடு இடிக்கும், முழங்காலும் மடங்கி வலிக்கும். ஹேண்டில்பாருக்கு அடியில் ரைசர் வைத்து உயர்த்தினால் குனிவது குறையும், ஆனால் கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் எட்ட வேண்டும். இரு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்க்காமல் ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வரக்கூடாது. பிரேக், கிளட்ச் லீவர்களின் சாய்வை மாற்ற ஸ்பேனர் மட்டும் போதும், மணிக்கட்டு வலி பாதி அதிலேயே போய்விடுவதும் உண்டு. இந்த மாற்றங்களின் பெரிய நன்மை, வேண்டாமென்றால் பழையபடி மாட்டிக்கொள்ளலாம் என்பது. கழற்றிய பாகத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டு வையுங்கள், விற்கிற அன்று அதற்கு விலை உண்டு.

இன்ஜின் பக்கம் போகும்போது நான் பரிந்துரைக்கிற ஒரே வேலை முன் ஸ்ப்ராக்கெட். 15 பல் இருப்பதை 14 ஆக்கினால் அதே வேகத்துக்கு இன்ஜின் சுமார் 7 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். முன்பு 5,000 சுற்றில் போன வேகத்துக்கு இப்போது ஏறத்தாழ 5,350 சுற்று. ஜிஎஸ்டி சாலை நெரிசலில் கியரை அடிக்கடி மாற்றுவது குறையும், பிக்கப் கூடினதுபோல் இருக்கும். பதிலுக்கு ஈசிஆரில் நீளமாக ஓட்டும்போது அதிர்வும் பெட்ரோல் செலவும் கொஞ்சம் கூடும். கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை அளக்கும் வண்டிகளில் ஸ்பீடோமீட்டரும் தப்புக் காட்டும். செலவு சிறியது, பிடிக்கவில்லையென்றால் திரும்ப மாட்டிவிடலாம்.

சைலன்சருக்கு வருவோம். 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு பதிவான வண்டிகள் பிஎஸ்-6 விதிக்கு உட்பட்டவை. அவற்றின் சைலன்சர் வெறும் சத்தம் அடக்கும் குழாய் அல்ல. உள்ளே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது, வழியில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது, அது சொல்வதைக் கேட்டுத்தான் இன்ஜினின் கணினி (ஈசியூ) பெட்ரோல் அளவை முடிவு செய்கிறது. இந்தக் கட்டமைப்பிலிருந்து ஒரு துண்டைப் பிடுங்கிவிட்டு வெற்றுக் குழாயை மாட்டினால், சாதாரண வேகத்தில் சென்சார் எப்படியோ சமாளிக்கும். ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கும்போது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்காமல் இன்ஜின் சூடேறும். அதைச் சரிக்கட்ட ஈசியூவை மாற்றி எழுத வேண்டும், அப்படி எழுதினால் புகை விதியும் வாரன்டியும் போகும். இவ்வளவுக்கும் பிறகு கிடைக்கிற கூடுதல் சக்தி சிறிய ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் மிகச் சொற்பம். கூடுவது சத்தம்தான், அதைக் காது வேகம் என்று நம்பிவிடுகிறது. ஏமாற்றம் தந்தது வண்டியின் மந்தமான இழுவை என்றால், சைலன்சர் மாற்றி அது தீர்ந்ததாக நான் பார்த்ததில்லை. பொத்தேரி போல விடுதியும் குடியிருப்பும் கலந்த இடத்தில் நள்ளிரவில் ஒரு வண்டி எழுப்பும் சத்தத்துக்குத் தூக்கம் கெடுகிற கைக்குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் அந்த வண்டியைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இதைவிடப் பெரிய சேதம் கேஃபே ரேசர் ஆக்குகிறேன் என்று பின்பக்க ஃபிரேமை கிரைண்டரால் அறுப்பது. அறுத்து ஒரு வளைவுக் குழாயை வைத்து வெல்டிங் அடித்து, மேலே குட்டையான சீட். படத்தில் அழகாகத்தான் இருக்கும். வாங்க வருகிறவர் சீட்டைத் தூக்கி அந்த வெல்டிங் தழும்பில் விரலை ஓட்டிப் பார்த்த நிமிடம் பேரம் முடிந்துபோகும், ஏனென்றால் அறுத்த ஃபிரேமைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது.

சட்டம் சொல்வதும் தெளிவானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து வந்த கே.ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. மாநில விதியைக் காட்டி இந்தப் பிரிவைத் தாண்ட முடியாது என்றது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறினால் 190ஆவது பிரிவின்படி 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும்; மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் போகும். 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு நிர்ணயித்த ஒலி அளவு 80 டெசிபல். மாற்று எரிபொருளுக்கான அங்கீகரிக்கப்பட்ட கிட், மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைப்பது ஆகியவற்றுக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது, அது நல்ல காரியம். ஜெர்மனியில் வெளிச்சந்தைப் பாகங்களுக்கு அனுமதிச் சான்று தரும் முறை உண்டு. சான்று உள்ள பாகத்தை ஓட்டுநர் கவலையில்லாமல் மாட்டலாம், மற்றதைச் சோதனைக்குக் காட்டிப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். நல்ல சீட்டுக்கும் தரமான ஷாக் அப்சார்பருக்கும் அப்படியொரு வழி இங்கேயும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முறையான வழி இல்லாத இடத்தில்தான் கிரைண்டரும் வெற்றுக் குழாயும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கப்படுகின்றன. இன்ஷூரன்ஸிலும் இதே சிக்கல்: நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, விபத்துக்குப் பிறகு இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ இடமுண்டு.

வேகத்துக்காகவே இன்ஜினில் கைவைக்க விரும்புகிறவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. அந்த ஆசைக்கான இடம் அது.

மாற்றுவதா விற்பதா என்ற கேள்வியை ஒரு மோட்டார் சைக்கிள் நிறுவனமே சந்தித்ததுண்டு, அதுவும் நம் பக்கத்தில். 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, 1990களில் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்த பிறகும் தள்ளாடியது. 2000ஆம் ஆண்டில் அதை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. அப்போது இருபதுகளில் இருந்த சித்தார்த்த லால் அவகாசம் கேட்டுப் பொறுப்பேற்றார். புல்லட்டின் தோற்றத்தை அவர் தொடவில்லை. வலது காலில் இருந்த கியர் இடது காலுக்கு வந்தது, எலக்ட்ரிக் ஸ்டார்ட் வந்தது, 2008 முதல் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினின் இடத்தை கியர்பாக்ஸோடு ஒன்றாக அமைந்த அலுமினிய இன்ஜின் படிப்படியாகப் பிடித்தது. பழைய அன்பர்கள் கோபப்பட்டார்கள், ஆனால் ஒழுகும் ஆயிலும் நடுவழியில் நிற்பதும் குறைந்தன. இன்ஜினின் குணத்தை மாற்ற ஒரு தொழிற்சாலைக்கே எட்டு வருடம் பிடித்தது. ஒரு தனிமனிதர் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரத்தில் அதைச் செய்துவிட முடியும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளால் நமக்கு அண்டை வீடாகிவிட்ட அதே நிறுவனத்தின் இன்றைய வண்டிகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. மீட்டியோர், கிளாசிக், ஹன்டர் மூன்றிலும் இருப்பது 20.2 குதிரைசக்தி தரும் ஒரே 349 சிசி இன்ஜின். கிளாசிக்கின் எடை 195 கிலோ, சக்கரம் முன்னால் 19 அங்குலம், பின்னால் 18. ஹன்டர் 181 கிலோ, இரண்டு சக்கரமும் 17 அங்குலம். கிளாசிக் வாங்கி நெரிசலில் திருப்ப முடியாமல் திணறுகிறவர் எதை மாட்டினாலும் 14 கிலோவைக் கரைக்க முடியாது. அவர் அதை விற்று ஹன்டருக்கு மாறினால் தீர்வு உண்டு. இன்ஜினின் இழுவையே போதவில்லை என்கிறவருக்கோ ஹன்டருக்கு மாறியும் ஏமாற்றம்தான்.

குறை உற்பத்தியிலேயே இருந்தால் ஆல்டரும் வேண்டாம், விற்பனையும் வேண்டாம். 2021 மே மாதத்தில் இக்னிஷன் காயில் கோளாறுக்காக ராயல் என்ஃபீல்டு 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இப்படி ரீகால் எதிலாவது உங்கள் சேசிஸ் எண் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் புகாரை ஜாப் கார்டில் எழுத வைத்து நகலை வாங்கிக்கொள்ளுங்கள், வாய்மொழிப் புகாருக்கு மதிப்பில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய்வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமில்லை. இந்த நிலையில் இருக்கும் வண்டியில் வெளியாள் கையால் ஒயரை வெட்டினால் வழக்கே பலமிழக்கும்.

இனி விற்பனைக் கணக்கு. விற்று இன்னொரு புது வண்டி வாங்குவதில் பழைய வண்டியின் தேய்மானத்துக்கு மேல் இன்னொரு நஷ்டமும் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புது மோட்டார் சைக்கிளுக்கு ஆயுள் வரி 12 சதவீதம். 2 லட்சம் ரூபாய் வண்டி என்றால் 24,000. 150 முதல் 350 சிசி வரையிலான புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு, 2022இல் அறிவித்த கட்டணப்படி 7,365 ரூபாய். பழைய வண்டிக்குக் கட்டிய வரி திரும்பி வராது. ஆக 31,000 ரூபாய்க்கு மேல், ஒரு கிலோமீட்டர் ஓட்டுவதற்கு முன்னாலேயே. ஆனால் தமிழ்நாட்டிலேயே பதிவான செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு மாறினால் ஆயுள் வரி மறுபடி கிடையாது. அதனால் 'பழசைக் கொடுத்துப் பழசு வாங்குவது' தான் ஏமாற்றத்திலிருந்து குறைந்த செலவில் வெளியேறும் வழி. இறுதியாண்டு முடித்து ஊர் திரும்பும் பிள்ளைகளால் கோடையில் நிறைய வண்டி விலைக்கு வரும் பொத்தேரியில் இது இன்னும் சுலபம். உங்கள் இன்ஷூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, உங்களோடு வரும். அதற்கான கடிதத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆக ஏறியது. புது வண்டி விலை இறங்கினால் அதற்கு முன் வாங்கிய பழசின் விலையும் கூடவே இறங்கும். 350 சிசிக்குள் வைத்திருப்பவர் பழைய பில்லைக் காட்டி விலை கேட்டால் கிடைக்காது.

எந்த வண்டியானாலும் சந்தை கேட்பது ஸ்டாக் நிலையைத்தான். 1985 முதல் 1996 வரை வந்த 98 சிசி யமஹா ஆர்எக்ஸ் 100ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் செய்யாத ஆல்டர் இல்லை. இன்று கூடுதல் விலை கொடுப்பவர்கள் தேடுவது மாற்றாத சைலன்சரும் கம்பெனி டேங்கும் இருக்கிற வண்டியை. ஆல்டருக்குச் செலவழித்த பணம் விற்பனை விலையில் திரும்பி வராது. கழற்றி எடுத்த நல்ல பாகங்களைத் தனியாக விற்கப் புதுப்பேட்டை இருக்கிறது.

விற்பனையில் ஏமாறுவது பெரும்பாலும் விலையில் அல்ல, பேப்பரில். பைனான்ஸில் எடுத்த வண்டி என்றால் கடனை முடித்து, 35ஆம் படிவத்தால் ஆர்சியிலிருந்து கடன் பதிவை நீக்க வேண்டும். 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய ஆபத்து. நவீன் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வண்டி கைமாறிக் கைமாறிப் போயிருந்தும் பதிவு முதல் ஆளின் பெயரிலேயே இருந்தது. ஊருக்குப் போகும் அவசரத்தில் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுப் புரோக்கரிடம் சாவியைக் கொடுக்கும் ஒவ்வொரு மாணவரும் இதை அறிந்திருக்க வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கொடுப்பவர்கள் 29சி படிவத்தில் ஒப்படைப்பைப் பதிவு செய்தால், அதன்பிறகு பொறுப்பு டீலருடையது. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பொத்தேரியில் ஆந்திரா, கேரளா, பீகார் பதிவெண்ணோடு வண்டிகள் சாதாரணம். அவற்றை டிஎன்-19க்கு மாற்ற முதலில் பதிவு செய்த அலுவலகத்திலிருந்து 28ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று (என்ஓசி) வர வேண்டும், பிறகு இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். "பேப்பர் அப்புறம் அனுப்பிடறேன் ப்ரோ" என்று சொல்லி விலையில் ஐயாயிரம் குறைத்துக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். விற்பவராக இருந்தால் என்ஓசியை வாங்கி வைத்த பிறகு விலை பேசுங்கள். வாங்குபவரின் ஆதார் நகல், தேதியும் நேரமும் குறித்த ஒப்படைப்புக் கடிதம், இரண்டு சாவியும் கொடுத்ததற்கான கையெழுத்து ஆகியவற்றை வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்துப் பரிவாகன் தளத்தில் அந்தப் பதிவெண்ணை அடித்துப் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.